தொட்டுப் பார்ப்பதும் ஊடுருவிப் பார்ப்பதும்

கேள்வி: அணுவிசை நுணுக்குக்காட்டி, எக்ஸ் கதிர் இரண்டும் தனித்தனியே சமர்த்தானவை என்கிறார்கள், அப்படியிருக்க, உயிர்ப்பொருளை ஆராய இரண்டையும் ஏன் ஒன்றாகப் பிணைக்கிறார்கள்? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: ஜாதகம் பொருந்திய பின்னரும் பெண்ணை நேரில் பார்க்கவேண்டுமென்று காலி வீதியில் வாகனம் பிடிக்கிறவர்களின் நடுவே வசித்துக்கொண்டு இதைக் கேட்கிறீர்களே! 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வாலின் தசைநாண் தந்த எக்ஸ் கதிர்ச் சித்திரத்தைக் கொண்டு கணித்து, கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவமுடையதெனக் கூறினார்களே, அது ஜாதகம் பார்த்த வித்தைதான். எனினும் அக்கணிதம் கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரியைச் சொல்லுமேயன்றி, ஒன்றின் முகலட்சணத்தைச் சொல்லாது. 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகிய மூவர் அறிமுகப்படுத்திய அணுவிசை நுணுக்குக்காட்டியோ, சில நனோமீற்றர் கூர்மையுள்ள ஊசிமுனையால், உப்புநீரில் உயிரோடிருக்கும் கலத்தைக்கூடத் தடவி, அதன் மேடுபள்ளங்களையும் மென்மையையும் அறியும். உள்ளே அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று கேட்டால் மௌனம் சாதிக்கும். கொலாஜன் நாரில் ஏறத்தாழ 67 நனோமீற்றருக்கு ஒருமுறை வரும் வரியை இரண்டுமே காண்பதால், ஒன்றின் சாட்சியத்தை மற்றொன்றால் சோதிக்கலாம். போதாக்குறைக்கு, எக்ஸ் கதிர் தான் பார்க்கும் உயிர்ப்பொருளையே சிதைக்கும் துர்க்குணமுடையது. பக்கத்தில் ஊசி இருந்தால் அச்சேதத்தை உடனிருந்தே அளக்கலாம். இதற்கெல்லாம் ஏற்ற பலத்த கதிருக்குச் சிங்க்ரோட்ரான் என்னும் மாபெரும் யந்திரம் தேவை. பிரான்சின் கிரெனோபிளில் ஒன்று உண்டு. நமக்குக் கிட்டியது இந்தியாவின் இந்தூரில் இருக்கிறது, விசா எடுத்துத்தான் போகவேண்டும்.