நடை சாத்தியபின் நிகழ்வன: காஞ்சிப் பயணம் குறித்து ஓர் ஆய்வு

காஞ்சிபுரத்தை ஆராய்ந்தவர்கள் பல்லவர் கல்வெட்டுகளைப் படித்தார்கள், கோபுரங்களை அளந்தார்கள், சமணர் எந்தப் பக்கம் இருந்தார்கள், பௌத்தர் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று வாதிட்டார்கள். பகல் பன்னிரண்டு சுமாருக்கு நடை சாத்தி மாலை நாலு மணிக்குத் திறக்கிறார்களே, அந்த இடைவேளையில் ஊருக்கு வந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. யாம் நிறுவ முற்படுவது இது: காஞ்சியில் பார்ப்பது, படம் எடுப்பது, சாப்பிடுவது மூன்றையும் ஆள்வது அந்த நாலு மணி நேரமே. மன்னர்களும் சிற்பிகளும் கூடமாட ஒத்தாசை செய்தவர்கள்.

இத்துறையின் முதல் நூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில், சுற்றத்தோடு கிளம்பிய பாணனைத் தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்கு அனுப்பி வைக்கிறார். வழி சொல்வது பேருக்குத்தான். எங்கே என்ன கிடைக்கும் என்பதில்தான் புலவருக்கு முழுக் கவனம். எயினர் குடியிருப்பில் சிவப்பரிசிச் சோறும் உடும்பு வறுவலும். இடையரிடம் தினையும் பாலும். அந்தணர் வீட்டில் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வெண்ணெயில் புரட்டிய மாதுளங்காய், தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். இவ்வளவு சொன்னவர் நடை சாத்தும் நேரத்தைச் சொல்லவில்லை. ஆகவே அக்காலத்தில் நடை சாத்தும் வழக்கமே இல்லை என்று துணியலாமோ எனின், ஆகாது. பாணனிடம் கைக்கடிகாரம் இல்லை என்பது மட்டுமே இதனால் பெறப்படும்.

அடுத்து மணிமேகலை. பஞ்சம் பிடித்த காஞ்சிக்கு அமுதசுரபியோடு வந்து ஊருக்கே சோறு போட்டாள். பில் கொடுக்காததால் பிற்கால ஹோட்டல்காரர்கள் அவளைப் பின்பற்றவில்லை. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில், காஞ்சித் தெருக்களில் குடித்துவிட்டுச் சுற்றும் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்த பிட்சு ஒருவரைப் பிடித்துத் திருடன் என்கிறான். உள்ளே வறுத்த கறி இருந்ததால் அதை நாய் கவ்விக்கொண்டு போயிருக்கிறது. எழுதியவர் அரசர் என்பதால், காஞ்சியில் சாப்பாடு தொடர்பாக அரசு மட்டத்தில் பதிவான முதல் புகார் இதுவே என்க. 640ஐ ஒட்டி வந்த யுவான் சுவாங், ஊரின் சுற்றளவு 30 லி, மடங்கள் நூறு, துறவிகள் பத்தாயிரம், தேவர் கோயில்கள் எண்பது என்று கணக்கெழுதிக்கொண்டு போனார். புடவைக் கடைகளை அவர் எண்ணவில்லை. குடும்பம் இல்லாமல் வந்த மனிதர், வேறென்ன செய்வார்.

இனிக் காட்சி. முதலில் எந்தக் கோயில் என்பதில் கார் டிரைவருக்கும் குடும்பத் தலைவருக்கும் வழிவழியாகக் கருத்து வேறுபாடு உண்டு. யாம் டிரைவர் பக்கம்: முதலில் கைலாசநாதர். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் எழுப்பிய அந்தக் கோயிலில் கருவறையைச் சுற்ற ஒரு குறுகிய வழி இருக்கிறது. ஒரு பொந்தில் தவழ்ந்து நுழைந்து இன்னொன்றில் தவழ்ந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். காலை எட்டரை மணிக்கு இந்தச் சுற்று பக்தி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இதுவே உடற்பயிற்சி. வயிறு கல்லில் உரச, வேட்டி முழங்காலில் சிக்க, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒருவர் நிற்கும்போது, “தலையக் குனிங்க மாமா, மூச்ச விடுங்க” என்று பின்னாலிருந்து குரல் வரும். மோட்சத்துக்கு அளவெடுத்த பல்லவன் எடுத்தது சாப்பிடாதவர் அளவு என்பது அப்போதுதான் விளங்கும். ஏகாம்பரநாதர், காமாட்சி, உலகளந்த பெருமாள் மூவரையும் பதினொன்றே முக்காலுக்குள் முடித்தாக வேண்டும். ஏகாம்பரநாதர் கோயிலில் 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய 59 மீட்டர் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்க ஆகும் நேரம், விட்ட செருப்பைத் தேட ஆகும் நேரத்தைவிடக் குறைவு. இதில் மேலே விரிக்க ஒன்றுமில்லை.

படம் எடுக்கும் கலை 2022 டிசம்பரில் ஒரு திருப்பம் கண்டது. கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் கைலாசநாதர் கோயில் பிரகாரத்தில் எடுக்கலாம் என்பதால், அங்கே பின்னங்காலில் நிற்கும் சிங்கத் தூண்களுக்கு ஓய்வே கிடையாது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் பல்லவர்களே ஆல்பம் போட்டு வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையனாக அழைத்து வரப்பட்டு நந்திவர்ம பல்லவமல்லன் முடிசூடிய கதை சுவரில் வரிசையாகச் செதுக்கப்பட்டு, இன்ன காட்சி இன்னது என்று கீழே எழுத்தும் வெட்டியிருக்கிறது. வந்தவர் பார்க்காமல் போவது அப்போதும் உண்டா என்பது ஆராயத்தக்கது.

படம் எடுக்க முடியாத இடத்தில் தொடுவது மரபு. வரதராஜப் பெருமாள் கோயிலில் படியேறி, மேலே உத்தரத்தில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்பது நம்பிக்கை. தொட்டவரை ஊரில் இன்னொருவர் தொட்டாலும் பலன் உண்டாம். டேட்டா இல்லை, சிக்னல் இல்லை. காஞ்சியில் ஒருவர் தொட்டது கள்ளக்குறிச்சி வரை ஃபார்வர்டு ஆகிறது.

அதே பெருமாளுக்கு நைவேத்தியமாகும் குடலை இட்லிதான் இவ்வூரின் தலையாய உணவு. பச்சரிசியையும் உளுந்தையும் கொரகொரவென்று அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மூன்று மணி நேரம் போல வேகவைப்பார்கள். வெந்தது நீளமாக வரும். அறுத்துத்தான் தர வேண்டும். ஓரத்தில் இலையின் நரம்பு பதிந்திருக்கும். சுக்கு வாசனை முதலில் வரும், பிறகு பாதி உடைந்த மிளகு ஒன்று கடைவாயில் அகப்படும். சட்னி கேட்டால் வெளியூர் என்று தெரிந்துகொள்வார்கள். இதே பெயரில் சென்னை ஹோட்டல்களில் டம்ளரில் வேகவைத்து முந்திரி பதித்துத் தருவது வேறு வகுப்பு. அது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. குடலை இட்லி தின்றவருக்குப் பன்னிரண்டரைக்குப் பசிக்காது. ஆயினும் சாப்பாட்டுக்கு உட்காருவார். என்னை? எனின், நடை சாத்தியிருக்கிறது, வெளியே வெயில், உள்ளே ஏசி.

ஸ்பெயின் தேசத்து கொர்தோபா, தொலேதோ போன்ற பழைய நகரங்களில் பகல் இரண்டு மணிக்கு மேல் சின்னக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். பெரிய கதீட்ரல் திறந்தே இருக்கும். அங்கே கடைக்காரர் தூங்குகிறார், சாமி விழித்திருக்கிறார். காஞ்சியில் சாமி இளைப்பாறுகிறார், கடைக்காரர் விழித்திருக்கிறார். இரு நாகரிகங்களின் வேறுபாடும் இவ்வளவே.

அந்த விழிப்பின் இடம் காந்தி ரோடு. ஒன்றரை மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை விரிப்பில் உட்காரும் குடும்பம் “சும்மா பாக்கலாம்னுதான் வந்தோம்” என்று சொல்லும். கடைப்பையன் அதை மறுக்க மாட்டான். ஒரு புடவையை மடிப்புக் கலையாமல் எடுத்து, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உதறுவான். முந்தி சரியாக அம்மாவின் மடியில் வந்து விழும். “கோர்வைம்மா இது. இழுத்துப் பாருங்க, புடவையே கிழிஞ்சாலும் பார்டர் பிரியாது.” உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, இழைக்கு இழை கோத்து வாங்கும் வேலை அது. தறியின் மறுபக்கம் இன்னோர் ஆள் உட்கார்ந்தால்தான் நடக்கும். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, புவிசார் குறியீடு 2005-06இல் வந்தது, வாங்குபவர் நடை சாத்தியதால் வருகிறார்.

கோயிலில் முடங்கிக் கிடந்த செல்போன் இங்கேதான் உயிர் பெறும். காஞ்சியில் எடுக்கப்படும் படங்களில் பெரும்பகுதி புடவைப் படங்களே என்பது எம் துணிபு. தோளில் போட்டு ஒன்று, முந்தியை விரித்து ஒன்று, விலைச் சீட்டோடு ஒன்று என்று கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனாருக்குப் போகும். “அண்ணி, அந்த மயில் கழுத்து பச்சையா நீலமா?” என்று பதில் வரும். இங்கேதான் ஒளிப்படக் கலை தோற்கிறது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறமாக நெய்வதால், துணி அசைய அசையத்தான் மயில் கழுத்து தெரியும். அசையாத படத்தில் ஏதோ ஒரு பாதிதான் விழும். டியூப் லைட்டில் பார்த்து ஏமாறாமலிருக்க, புடவையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பையன் பின்னாலேயே வருவான். நடைபாதையில் நின்று நாலு பேர் துணியை ஆட்ட, ஒருவர் வீடியோ எடுப்பார். மூன்றேகால் மணிக்குக் காந்தி ரோட்டில் பார்க்கத்தக்க காட்சி இதுவே.

சாத்திய கதவு எரிச்சலைத்தானே தரும், வியாபாரத்தைத் தருமா என்று தடை எழுப்புவோர் உளர். அவர்களுக்கு அத்திவரதர் விடை. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு இருந்துவிட்டு, 1979க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வெளியே வந்தார். ஒரு கோடிப் பேர் வரிசையில் நின்றார்கள். அடுத்தது 2059. நாலு மணி நேரத்தில் ஒரு தெரு எழும் என்றால், நாற்பது ஆண்டில் எழுவதற்குச் சொல்ல வேண்டியதில்லை.

புறனடை ஒன்று உண்டு. நாலு மணிக்கு நடை திறந்ததும் வரதராஜரைப் பார்க்க ஓடும் குடும்பத்திடம் இப்போது புடவைப் பைகள் இருக்கின்றன. செருப்புக் கடையில் செருப்பை வாங்கிக்கொள்வார்கள். இருபதாயிரம் ரூபாய்ப் பட்டை யார் அங்கே விட்டுப்போவார்? ஆகவே ஒருவர் கோபுர வாசலில் பைகளோடு உட்கார வேண்டும். அவர் எந்த உறவுமுறை என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பெரும்பாலும் பணம் கொடுத்தவர்.