வெள்ளைக்கரு அண்ணன்

சித்தியவானில் எந்தத் தாமானுக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், உழைத்தது லுமுட் பக்கம், இப்போது ஓய்வு. காலை ஏழு மணிக்கு ஒட்டுக்கடை ஓரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவார். பசியாற வந்திருக்கிறார் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் வந்தது அடுத்தவர் தட்டைத் திருத்த.

"தங்கச்சி, ரெண்டு முட்டை. மஞ்சள எடுத்துரு, வெள்ளை மட்டும் போடு."

"எடுத்த மஞ்சள நான் என்னண்ணே பண்றது?"

"பூனைக்குப் போடு."

"பூனைக்கு மட்டும் கொலஸ்ட்ரால் வராதா?"

அண்ணன் இதற்கெல்லாம் பதில் சொல்லமாட்டார். பக்கத்து மேசையில் ஒரு பையன் ரொட்டி தெலூரைப் பிய்த்து டால்ச்சாவில் முக்குகிறான். அண்ணனின் கவனம் அங்கே போய்விட்டது. "தம்பி, அந்த மஞ்சள் உள்ள போயி என்னா பண்ணும் தெரியுமா?" தம்பிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனாலும் தெரிந்துகொண்டுதான் வேலைக்குப் போவான்.

இவர் பிறவியிலேயே இப்படி இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி ரத்தம் கொடுத்த நாளில் உருவானவர். தாளில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தது. டாக்டர் ஒரு பட்டியலே சொன்னார்: நெய்யைக் குறை, சந்தானைக் குறை, தே தாரிக்கில் ஊற்றும் சூசுவைக் குறை, பொரித்ததைத் தொடாதே, சிகரெட்டை விடு, தினமும் அரை மணி நேரம் நட. பேச்சுவாக்கில் முட்டையும் அளவாக இருக்கட்டும் என்றார். அண்ணன் பட்டியல் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, அதில் ஆக மலிவான தியாகம் எது என்று பார்த்து, முட்டையின் மஞ்சளை மட்டும் துறந்தார்.

துறந்தவர் சும்மா இருந்திருக்கலாம். மதம் மாறியவர்போல ஊரையும் கூடவே மாற்றக் கிளம்பினார். முன்னால் இருக்கும் தே தாரிக்கில் சூசு அடியில் ஒரு விரற்கடை நிற்கிறது. வெள்ளைக்கருவுக்குத் துணையாக வந்த ரொட்டி சானாய் இரண்டும் மார்ஜரினில் குளித்து எழுந்தவை. அவற்றின்மேல் அவருக்கு எந்த வழக்கும் இல்லை.

மஞ்சள் கருவின் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய முட்டையில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், அத்தனையும் மஞ்சளில்தான். அதனால் 1968-இல் அமெரிக்க இருதயச் சங்கம் வாரத்துக்கு மூன்று மஞ்சளுக்கு மேல் வேண்டாம் என்றது. அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார். உலகம் நிற்கவில்லை. உணவில் இருக்கும் கொலஸ்ட்ராலைவிட நெய், சந்தான் போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்புதான் பெரும்பாலானோருக்கு ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றுகிறது என்று தெரியவந்தது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம்தான் என்று இருந்த வரம்பை, 2015–2020 காலத்துக்கான அமெரிக்க உணவு வழிகாட்டி எடுத்தேவிட்டது. முட்டையின் ஏ, டி வைட்டமின்கள் குடியிருப்பதும் அந்த மஞ்சளில்தான். புரதத்திலும் ஏறக்குறைய பாதி அங்கேதான் இருக்கிறது. இனிப்புநீர்க்காரர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளட்டும். அண்ணனைக் கேட்க வேண்டாம்.

கம்போங் கோ பக்கம் ஒரு சீனர் காப்பிக்கடையில் அண்ணனுக்குச் சோதனை வந்தது. இந்த வட்டாரத்தின் காப்பிக்கடைகளுக்குத் தனி மரபு உண்டு. 1903-இல் மெதடிஸ்ட் பாதிரியார்களோடு வந்து குடியேறிய ஃபூச்சாவ் சீனர்களின் ஊர் இது. அவர்களுடைய கொம்பியா ரொட்டியை வாங்க வெளியூர்க்காரர்கள் காரில் வருவார்கள். அங்கே உட்கார்ந்து அண்ணன் அரைவேக்காட்டு முட்டை கேட்டார், மஞ்சள் இல்லாமல்.

அரைவேக்காடு என்பது நுட்பமான கைவேலை. வெள்ளை அறுபது டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். மஞ்சளுக்கு அதைவிடச் சில டிகிரி கூடுதல் வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில் முட்டையைப் பிடித்து நிறுத்தி, கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, கறுப்புச் சோயா விட்டு, வெள்ளை மிளகுத்தூள் தூவினால்தான் அது அரைவேக்காடு. மஞ்சள் வழியாவிட்டால் அதைக் கேட்பதற்கே காரணம் இல்லை. பழைய தவுக்கே, தோட்டத்துக் கணக்கில் சாமான் கொடுத்தே தமிழ் பழகியவர். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "மஞ்சள் வேணாம்னா சுடுதண்ணி குடிலா."

லயத்து நாள்களில் இந்த வம்பெல்லாம் இல்லை. விடியும் முன் பெரட்டுக்குப் போகிறவர்கள் கோப்பி ஓவோடு கிளம்பிவிடுவார்கள். வீட்டுக் கோழி இட்ட முட்டை சீக்காளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் போக மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு. பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மூக்கைப் பிடித்துக்கொண்டு. அந்த முட்டையில் மஞ்சளைக் கொட்டச் சொல்லியிருந்தால் கிழவிகள் சொன்னவனைக் கொட்டியிருப்பார்கள்.

2022 கடைசியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது அண்ணனின் அந்தஸ்து கூடியது. தீவன விலை ஏறி, பண்ணைகள் உற்பத்தியைக் குறைத்து, கடைகளில் தட்டுகள் காலியாகக் கிடந்தன. நாமக்கல்லிலிருந்து மலேசியாவுக்கு முட்டை கப்பலேறியது. அண்ணனின் தாத்தா பழைய சேலம் ஜில்லாக்காரர். "நம்ம ஊரு முட்டை, மஞ்சளோட சாப்பிட்டாலும் ஒண்ணும் செய்யாது" என்று அறிவித்துவிட்டு, கடை கடையாக ஏறி நாமக்கல் முட்டை இருக்கிறதா என்று விசாரித்தார். கொலஸ்ட்ராலுக்கும் குலதெய்வத்துக்கும் தொடர்பு கண்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

வெள்ளி, செவ்வாயில் முட்டை கிடையாது. புரட்டாசி முழுவதும் கிடையாது. அந்த நாள்களில் அண்ணன் பக்தியோடு உளுந்து வடை நான்கு சாப்பிடுவார். வடையில் மஞ்சள் கரு இல்லையே.

வீட்டிலே அண்ணி எதுவும் பேசுவதில்லை. அண்ணனுக்காகப் பிரித்த மஞ்சள்களை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, மேலே ஒரு முழு முட்டையையும் உடைத்து ஊற்றுகிறார். வேலியோரத்து முருங்கையில் ஒரு கை கீரை உருவி, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து, ஒரே ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கி, முட்டையை ஊற்றிக் கிளறி, கீரையின் பச்சை மாறுவதற்குள் இறக்கிவிடுகிறார். பார்லி அரிசிக் கஞ்சியோடு அது அண்ணிக்குக் காலைப் பசியாறல். என்னைக் கேட்டால், ஊரிலேயே சத்தான முட்டைப் பலகாரம் அதுதான். அண்ணியின் ரத்தப் பரிசோதனைத் தாளில் நட்சத்திரம் எதுவும் இல்லை. இதைப் பற்றி அண்ணன் கருத்துச் சொன்னதில்லை. தாள் மாறியிருக்கலாம் என்று ஒருமுறை முணுமுணுத்ததோடு சரி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை. முதல்நாள் இரவிலிருந்து வெறும் வயிறு. காலையில் வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, பஞ்சை முழங்கையில் மடக்கிப் பிடித்தபடியே ஒட்டுக்கடைக்கு வந்து உட்காருவார்.

"தங்கச்சி, ரொட்டி தெலூர் ரெண்டு."

"மஞ்சள எடுத்துரவாண்ணே?"

"எதுக்கு? ரத்தம்தான் குடுத்துட்டு வந்துட்டேனே."