கோதுமைக்காரர்களின் வங்கி

கேள்வி: தனியார்மயத்தின் தாய்வீடான அமெரிக்காவில், அரசே வங்கி நடத்தும் மாநிலம் ஒன்று இருக்கிறதாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். வடக்கு டகோட்டா. வங்கி மட்டுமல்ல, மாவு மில்லும் அரசாங்கத்துக்குச் சொந்தம்!

நூறு வருஷத்துக்கு முன்பு அங்கே கோதுமை விதைத்தவன் ஒருவன், விலை வைத்தவன் வேறொருவன். விலையை மினியாபொலிஸ் தானிய வியாபாரிகள் சொன்னார்கள். வட்டியும் ரயில் கட்டணமும் வெளியூர்க்காரர்கள் கையில். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சவில்லை. ஆளிவிதை பயிரிட்டு நொடித்துப்போன ஆர்தர் டவுன்லி, 1915-இல் கட்சி சாராத விவசாயிகள் அணியைத் தொடங்கிப் பண்ணை பண்ணையாக ஆள் சேர்த்தார். மறு ஆண்டே அந்த அணியின் லின் ஃபிரேசியர் ஆளுநர் தேர்தலில் வென்றார். அவரும் விவசாயிதான். 1919-இல் வங்கி பிறந்தது. 1922-இல் கிராண்ட் ஃபோர்க்ஸில் மில் ஓடத் தொடங்கியது.

1921-இல் ஃபிரேசியரையே மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். வங்கியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை! ஆளை மாற்றினாலும் ஆக்கியதை அழிக்காத அந்தத் தெளிவை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. அந்த வங்கி உள்ளூர் வங்கிகளோடு மல்லுக்கு நிற்பதில்லை. அவற்றோடு சேர்ந்து கடன் கொடுக்கிறது.

பாஸ்தாவுக்கான டியூரம் கோதுமை, கனோலா, தேன் என்று இன்றும் வயல் பேசுகிற மாநிலம்தான். ஆனால் பாக்கன் பாறையிலிருந்து எண்ணெய் பொங்கியபின் பணத்தின் பெரும்பகுதி பூமிக்கு அடியிலிருந்து வருகிறது. விதைநெல்லைக் காக்கத் தெரிந்தவர்கள் அல்லவா? எண்ணெய், எரிவாயு வரியில் 30 சதவீதத்தைத் தனி நிதியாகச் சேமிக்க 2010-இல் வாக்களித்துவிட்டார்கள்.