பேப்பர் இல்லாத அசேலியா

வா மருமகனே. அந்தச் சட்டியைக் கீழ வையி, புள்ளையத் தூக்கிட்டு வந்த மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிற. அப்புத்தளைப் பக்கம் ஏதோ பழைய பங்களா வேலியில கெடந்த செடி, தோட்டக்காரன் கையில காசைத் திணிச்சு வேரோட வாங்கிட்டு வந்தாச்சு. இனி பேரு வேணும். போன்ல படம் புடிச்சா அது மூணு பேரு சொல்லுதாம். அதுல எந்தப் பேருக்கு வெல ஜாஸ்தியோ அதை நீ புடிச்சுக்கிட்ட. "சட்சுகி மாமா, ஜப்பான் சாமான்!" சரிதான். செடி பொறந்து அறுவது வருசம் இருக்கும், நேத்து ராத்திரிதான் அதுக்கு ஜப்பான் விசா கெடச்சிருக்கு.

சட்சுகிங்கிறது அசேலியாவுல ஒரு வகை, அதனால மொதல்ல உன்னுது அசேலியாதானான்னு பார்ப்போம். சின்ன எலை இருந்தா எல்லாம் அசேலியான்னு நெனைக்கிற கூட்டம் பதுளை டவுன்ல நெறைய இருக்கு. ஒரு கொப்பைக் கண்ணுகிட்ட வச்சுப் பாரு. எலைங்க ரெண்டு ரெண்டா எதிரும் புதிருமா நின்னா அது அசேலியா இல்ல, பாக்ஸ்வுட்டோ செரிசாவோ. செரிசான்னா கசக்கி மோந்து பாரு, மூக்கே தீர்ப்புச் சொல்லிடும். எலை நுனியில மூணு பல்லு, மேல தொட்டா சொரசொரன்னு வெள்ளைப் புள்ளின்னா அது நம்ம ஊருக் குருவிச்சி. அதையும் போன்சாய்க்காரங்க சட்டியில வச்சு நல்ல வெலைக்குத்தான் விக்கிறாங்க, கவலைப்படாத. அசேலியாவுக்கு எலை மாத்தி மாத்தி வரும், கொப்பு நுனியில மட்டும் கொத்தாக் கூடி நிக்கும். எளம் கொப்புலயும் எலையிலயும் பழுப்பு மயிரு இருக்கும். எழும்பி நிக்காது, தோலோட ஒட்டிப் படுத்திருக்கும். விரலால நுனியில இருந்து அடிக்குத் தடவினா புரியும். சரி, உன்னுது அசேலியாதான். இதுவரைக்கும் தோட்டக்காரன் உன்னை ஏமாத்தல.

இப்ப ஒண்ணு கேக்கிறேன். எந்த எலையைப் படம் புடிச்ச? இந்தச் சாதிக்கு வருசத்துல ரெண்டு தலைமுறை எலை. பூவோட வர்ற மொதல் துளிர்ல எலை பெருசா, மெல்லிசா இருக்கும், சில மாசத்துல கொட்டிப்போகும். பொறகு வர்ற ரெண்டாவது துளிர்ல எலை சின்னது, தடிச்சது, அதுதான் குளிர் காலத்தைத் தாண்டி நிக்கும். ஒரே செடியில அண்ணன் எலையைக் காட்டினா ஒரு பேரு, தம்பி எலையைக் காட்டினா இன்னொரு பேரு. போனுக்கு இந்தக் குடும்ப விவகாரம் எங்க தெரியப் போகுது? அதுவும் உன்னை மாதிரி, காட்டினதைப் பார்த்துத் தலையை ஆட்டும்.

எலையை வச்சுக் குத்துமதிப்பாச் சொல்லலாம். எலை நீட்டமா, ஈட்டி மாதிரி, ஓரத்துல நுணுக்கமாப் பல்லு வச்சிருந்தா சட்சுகி பக்கம் சாயலாம். ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள அடங்கின உருண்டை எலை, மேல பளபளப்புன்னா குருமேங்கிற இன்னொரு ஜப்பான் வகை பக்கம். எலை அஞ்சு சென்டிமீட்டரைத் தாண்டி அகலமா வந்தா சீனாவுல இருந்து பெல்ஜியம் போய், அங்க கலப்புக் கட்டி, பூச்சட்டியில உலகம் பூரா வித்த ரகம். ஆனா எலையை மட்டும் வச்சுச் சொன்னா சந்தேகக் கேஸுதான். சாட்சி பூ. பூ வரும்போது மூணு விசயம் எழுதி வையி. உள்ள மகரந்த நூலு எத்தனை? சட்சுகியோட பாட்டன் ஜப்பான் இண்டிகமுக்கும் குருமேக்கும் பொதுவா அஞ்சு, பெல்ஜியம் ரகத்தோட பாட்டன் சீனத்துச் சிம்சிக்கு எட்டுல இருந்து பத்து. கலப்புல இந்தக் கணக்குக் கொஞ்சம் முன்ன பின்ன போகும், அதனால ஒரு பூவை எண்ணிட்டு ஓடி வராத. அடுத்தது, பூ எப்ப வருது? எலையே தெரியாம மூடிக்கிட்டு மொதல்லயே பூத்தா குருமே. புதுத் துளிர் வந்த பொறகு ஆறுதலாப் பூத்தா சட்சுகி. பேருலயே அவங்க பழைய பஞ்சாங்கத்து அஞ்சாம் மாசம் இருக்கு. கடைசியா நெறம். ஒரே செடியில ஒரு பூ வெள்ளை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கோடு போட்டதுன்னு பூத்தா சட்சுகிங்கிற உன் ஆசைக்குக் கொஞ்சம் வலு வரும். அப்பக்கூட எந்தச் சட்சுகின்னு சொல்ல முடியாது. அந்த ஒரு வகையிலயே ஆயிரத்துக்கு மேல ரகம் பேரு வாங்கியிருக்கு.

குருமே கதை தெரியுமா? கியூஷூ தீவுல ஒரு ஊரு. 1918-ல ஏர்னஸ்ட் வில்சன்னு ஒரு வெள்ளைக்காரன் அங்க போய், கண்ணுக்குப் புடிச்ச அம்பது ரகத்தைப் பொறுக்கி, அமெரிக்காவுல ஆர்னால்ட் மரத்தோட்டத்துக்கு அனுப்பினான். ஒவ்வொண்ணுக்கும் நம்பரு, பேரு. ஜப்பான்ல இருந்து பாஸ்டனுக்கு லேபல் பத்திரமாப் போய்ச் சேர்ந்திருக்கு. நம்ம பங்களாவுல மட்டும் பின்வாசல்ல இருந்து முன்வாசலுக்கு நட்ட செடிக்குக்கூட லேபல் நிக்காது. துரைசானி தகரத்துல எழுதித் தொங்க விட்டிருப்பா. அவங்க கப்பலேறினாங்க, 1975-ல தோட்டத்தை அரசாங்கம் எடுத்துச்சு, 1992-ல கம்பெனிக்குக் கொடுத்துச்சு. தகரத்தை ஆரு தேடினது? எவனாச்சும் கோழிக்கூட்டு ஓட்டைக்கு வச்சு அடிச்சிருப்பான்.

லேபல் இருந்தா மட்டும் நம்பிடுவியா? பேரு வைக்கிறதுல பெரியவரு லின்னேயஸ், 1753-ல புஸ்தகம் போட்டப்ப, உன் சட்சுகியோட பாட்டன் செடிக்கு அசேலியா இண்டிகான்னு எழுதினாரு. ஊரு இந்தியான்னும் குறிச்சாரு. அது இந்தியாவையே பார்க்காத ஜப்பான் செடி. நான் சிரிச்சேன். நீயும் சிரி. ஆனா ரொம்பச் சிரிக்காத, எங்கப்பன் ஊவாவுல பொறந்து, ஊவாவுல கொழுந்து நிறுத்து, ஊவா மண்ணுலதான் போனாரு. அவரு மேல ஒட்டின லேபலும் இந்தியான்னுதான் இருந்துச்சு. 1948-ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்தப்ப அரசாங்கக் கச்சேரியில "பேப்பர் எங்க?"ன்னு கேட்டாங்க, இல்ல. எங்காளுங்க மிச்சப் பேருக்குப் பேப்பர் கெடைக்க 2003 வரைக்கும் ஆச்சு. அதுக்காக அந்த அம்பத்தஞ்சு வருசமும் கொழுந்து வரலியா, ஃபேக்டரி ஓடலியா? பேப்பர் இல்லாத செடிகிட்ட நீ மொறைச்சுக்கிட்டு நிக்கும்போது எனக்கு அந்தக் கச்சேரி ஞாபகம் வருது.

இன்னொரு பேச்சும் கேள்விப்பட்டேன். இது நம்ம நாட்டுக் காட்டுச் செடி, சிங்களத்துல மஹ ரத்மல்னு சொல்றதோட குட்டி ரகம்னு ஒருத்தன் உனக்குச் சொன்னானாம். மஹ ரத்மல் ரோடோடென்ட்ரன்தான், அசேலியாவுக்கு ஒண்ணுவிட்ட பெரியப்பன் முறை வரும். ஒஹிய ஸ்டேசன்ல எறங்கி ஹோர்டன் சமவெளி ஏறிப் பாரு. முறுக்கிக்கிட்டு நிக்கிற மரம், ரத்தச் சிவப்புப் பூ, தோலு மாதிரித் தடிச்ச எலை, ஒரு எலை உன் உள்ளங்கை நீளம் வரும். அது எந்தச் சட்டியிலயும் நகத்தளவு எலை விடாது. அங்க பார்க்கிறதோட நிறுத்திக்க. அது தேசிய வனம், ஒரு கொப்பு ஒடிச்சாலும் போன்சாய் வளர்க்க வேண்டியது வெலிக்கடை ஜெயில்ல.

சரி, பேரு வர்ற வரைக்கும் என்ன செய்றது? நீ போன்சாய் வகுப்புக்குக் கொழும்பு போகப் போறேங்கிற. உங்க அத்தையைக் கேட்டியா? தேயிலைக் கன்னு வளர்க்கிற தவறணையில நின்னவ. 2023-ஆ, 2025-ஆ, 2026-ஆன்னு ஆராய்ச்சிக்காரங்க நம்பரு போட்ட தேயிலைக் கன்னை எலையைத் தொட்டே பிரிப்பா. பார்த்துப் பார்த்து வந்த கண்ணு அது. நீ மூணு வாரம் பார்த்தியா உன் செடியை? அப்புறம், முப்பது அடிக்கு மேல போகக்கூடிய தேயிலை மரத்தை இடுப்பளவுல நூறு வருசம் நிறுத்தி வச்சிருக்கிறதுக்கு என்ன பேரு? நாங்க அதைக் கவ்வாத்துங்கிறோம். ஜப்பான்காரன் சட்டியில ஒண்ணு வச்சா கலை, நாங்க நமுனுகுல அடிவாரத்துல மலை மலையா வச்சா நாட்கூலி.

ஆனா கவ்வாத்துக் கத்தியை இதுல அப்படியே போடாத. மத்த மரமெல்லாம் உச்சியில பாயும், அசேலியா அடிக்கொப்புல பாயும். அதனால கீழ நல்லா வெட்டு, உச்சியில கையைக் கட்டிக்க. வெட்டுறதும் பூ கொட்டின கையோட செஞ்சிடணும். தாமதமா வெட்டினா அடுத்த வருச மொட்டும் கூடையில விழும். மொட்டு போனா பூ போச்சு, பூ போனா பேரு போச்சு, மறுபடி போனைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வருவ. ஒரு கொப்பை மட்டும் கத்தி படாம விடு. அழகு கெடட்டும், அதுதான் உன் சாட்சி.

மண்ணு விசயத்துல நீ அதிர்ஷ்டக்காரன். தேயிலைக்குப் புளிச்ச மண்ணு வேணும், அசேலியாவுக்கும் அதேதான். ஆனா மலையில இருந்து செம்மண்ணை அள்ளிச் சட்டியில அமுக்காத. இதோட வேரு மயிரு மாதிரி நுணுக்கம், இறுகினா மூச்சு முட்டிச் சாகும். ஜப்பான்ல கனுமா ஊரு எரிமலைக் கல்லைப் போடுறாங்க. நமக்குக் கழுவின ஆத்து மணலு, மக்கின எலை, தும்புத் தூளு போதும். ஒரு வேலை மட்டும் செய்யாத. கவ்வாத்து முடிஞ்ச மலைக்கு டொலமைட் வீசுறாங்களே, மிஞ்சினதைச் "சத்து"ன்னு நெனைச்சு ஒரு கை போட்டுடாத. புளிப்புச் செத்துப்போய், எலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அப்ப போன் அதுக்கு நாலாவது பேரு சொல்லும். தண்ணி மழைத்தண்ணியா இருந்தா உத்தமம்.

உன் வீடு பதுளை டவுன்ல, செடி வந்தது ரெண்டாயிரம் அடி மேல இருந்து. அசேலியா மொட்டு ஒழுங்கா விரிய குளிர் படணும். பூ வரலேன்னா செடியைத் திட்டாத, தியத்தலாவையில இருக்கிற உன் அக்கா வீட்டு முத்தத்துல ஒரு சீசன் வச்சுப் பாரு. ஆடி ஆவணியில கச்சான் காத்து வரும். அந்தக் காய்ச்சல்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் கொடுத்து ஏலத்துல வெலை ஏத்துது. அதே காத்து உன் தட்டையான சட்டியை ஒரு பகல்ல உறிஞ்சிடும். காலையில ஊத்து, மத்தியானம் விரலை விட்டுப் பாரு.

பூ வந்ததும் கொப்போட வெட்டி, எலை ரெண்டு வகையும் சேர்த்து, பழைய வீரகேசரிப் பத்திரிகைக்குள்ள வச்சு அமுக்கு. வெலிமடை வழியா நுவரெலியா போற பஸ் ஹக்கல பூங்கா வாசலைத் தாண்டித்தான் போகுது. 1861-ல சிங்கோனா வளர்க்க ஆரம்பிச்ச இடம், அங்க செடி தெரிஞ்சவங்க இருப்பாங்க. அவங்களும் தலையைச் சொறிஞ்சா பேராதனை உலர்தாவரக் காப்பகத்துக்குக் கொண்டு போ. அதுவரைக்கும் சட்டியில ஒரு லேபல் வையி, பென்சில்ல எழுது, மை அழிஞ்சிடும்: அசேலியா, சின்ன எலை, அப்புத்தளை பங்களா வேலி, எடுத்த தேதி. சட்சுகின்னு எழுதாத. எழுதினா நாளைக்கு அதை வாங்குறவன் என் கிட்ட வந்து வெல கேப்பான், நான் உண்மையைச் சொல்லிடுவேன்.

அப்புறம், போறப்ப அந்தச் சட்டியை ஆட்டுக்கொட்டில் பக்கம் வைக்காம உசரத்துல வையி. எந்த அசேலியாவா இருந்தாலும் எலை ஆட்டுக்கு வெசம். உங்க அத்தை ஆடு பேரு கேட்டுத் தின்னாது.