ஹாம்ப்ஷயர் கடிதம்: கல்யாணம் ஈக்கு, பந்தி மீனுக்கு

தென் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் வழியாக ஓடும் டெஸ்ட், இட்சன் ஆறுகளில் மே மாத நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை மே ஈ கிளம்பும் காலம். சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் தண்ணீர் என்பதால் ஊற்றுக்கண்ணில் ஆண்டு முழுவதும் 10, 11 டிகிரிதான். கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. இந்த ஈயின் இளம்பருவம் ஆற்று வண்டலில் புதைந்து ஏறத்தாழ 2 ஆண்டு கழிகிறது. பிறகு மேலே நீந்தி வந்து, நீர்ப்பரப்பிலேயே தோலுரித்து, பறக்கத் தெம்பு வரும்வரை மிதந்து போகிறது. தப்பிப் பிழைத்துக் கரையோரச் செடிக்குப் போனால் அங்கே இன்னொரு முறை தோலுரிக்கும். சிறகு வந்த பிறகும் தோலுரிக்கும் பூச்சிக் குலம் இது ஒன்றே. வளர்ந்த ஈக்கு உண்ண வாய் கிடையாது. கல்யாணம் உண்டு, பந்தி இல்லை.

பந்தி ட்ரவுட் மீனுக்கு. நிழல் அசைந்தாலே ஓடி ஒளியும் மீன், இந்த நாட்களில் கூச்சத்தை விட்டு மேலே வந்து விழுங்குகிறது. தூண்டில் பிடிக்கத் தெரியாதவருக்கும் மாட்டும் என்பதால், கற்றுக்குட்டிகளின் இரண்டு வாரம் என்று உள்ளூரில் கிண்டல்.

மண்புழுவைக் கோத்துப் போட்டால் காரியம் சுலபமாக முடியும். அதனாலேயே பெரும்பாலான இடங்களில் மண்புழுவுக்குத் தடை. போட வேண்டியது டிரை ஃப்ளை எனும் மிதக்கும் பொய் ஈ. மேசை விளிம்பில் பொருத்திய சிறிய வைஸில் 10 அல்லது 12ஆம் எண் தூண்டில் முள்ளைக் கவ்வவிட்டு, மெழுகு நூலை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். வாலுக்கு ஃபெசண்ட் இறகின் மூன்று இழை, உடலுக்கு வெளிர்மஞ்சள் ராஃபியா நார், சிறகுக்கு வாத்து இறகு. உயிர்நாடி சேவலின் கழுத்து இறகு. அதை முள்ளைச் சுற்றி நாலைந்து சுற்று இழுத்தால் இழைகள் விறைத்து நாலாபுறமும் நிற்கும். அந்த நுனிகளே ஈயை நீர்மேல் தாங்குகின்றன. பெட்டையின் இறகு மெத்தென்றிருக்கும், தண்ணீரைக் குடித்து அமிழ்ந்துவிடும். இதற்கென்றே வளர்த்த சேவலின் கழுத்துத் தோல் ஒன்றின் விலைக்கு ஊரில் உயிரோடு பல சேவல் வாங்கலாம்.

வீசுவது மீனுக்குப் பின்னாலிருந்து, நீரோட்டத்துக்கு எதிராக. மீன் எழுப்பிய வளையத்துக்குச் சற்று மேலே, நீர் வரும் பக்கம் ஈ விழ வேண்டும். நீரோட்டம் தூண்டில் நரம்பை இழுத்து ஈ கோடு கிழித்துக்கொண்டு ஓடினால் மீன் சீந்தாது. நனைந்த ஈயைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி உலர்த்துவதில் பாதிப் பொழுது போகும். வில்லோ மரத்தில் மாட்டியதை எடுப்பதில் மீதி.

மிதக்கும் ஈ கட்டும் முறையை ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்ட் 1886இல் புத்தகமாகவே எழுதினார். அவருடைய சீடர்கள் அதை வேதமாக்கினார்கள். ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர், நீருக்கடியில் ஏறிவரும் இளம்பருவத்தைப் போலவும் கட்டலாமே என்றார். ஈ மிதக்கலாமா, மூழ்கலாமா என்று 1938இல் லண்டன் கிளப் ஒன்றில் பெரிய மனிதர்கள் கூடி விவாதமே நடத்தினார்கள்.

முட்டையிட்டு ஓய்ந்த பெண் ஈக்கள் மாலையில் சிறகை விரித்தபடி நீரில் விழும். அந்நேரத்துக்குத் தட்டைச் சிறகு வைத்த வேறு ஈ வேண்டும். இத்தனைக்கும் பிறகு மாட்டிய மீனை ஈரக்கையால் முள் கழற்றி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது பல இடங்களில் விதி. மசாலா அரைத்துக் காத்திருக்கும் தமிழ் வீடுகளுக்கு, பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரவுட் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது.