குளியலறைக்கு இசைவாணை வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: தினமும் சோப்புப் போட்டுக் குளிக்கும் பழக்கமுள்ள ஒருவன், நொய்யல் கரையோரம், கோயம்புத்தூர்.

பெறுநர்: தலைவர் அவர்கள், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை.

பொருள்: வீட்டுக் குளியலறையை இயக்க இசைவாணை கோருதல் தொடர்பாக.

ஐயா,

2017 செப்டம்பரில் நொய்யலில் நுரை பொங்கியபோது, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி. கருப்பண்ணன் அவர்கள் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். கோவை மக்கள் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்கள், அந்தத் தண்ணீர்தான் ஆற்றில் நுரையாகப் போகிறது என்றார். ஊரே சிரித்தது. அதே வருடம் ஏப்ரலில்தான் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பே இன்னும் அடங்காத நேரம். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு துறையின் அமைச்சரே என் குளியலறையை ஆற்றை மாசுபடுத்தும் தொழிற்கூடமாக அடையாளம் காட்டிவிட்ட பிறகு, 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஒரு செம்புத் தண்ணீர்கூட மேலே ஊற்றிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்பதே என் புரிதல். ஆகவே இந்த விண்ணப்பம்.

முதலில் வகைப்பாடு. மாசுக் குறியீடு 60ஐ எட்டிவிட்டால் அந்தத் தொழில் சிவப்பு; அதற்குக் கீழே ஆரஞ்சு, பச்சை என்று இறங்கி, 20க்குள் இருந்தால் வெள்ளை என 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிரித்து வைத்தது. சாயப்பட்டறை சிவப்பு. என் குளியலறை எந்த நிறம் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். வெள்ளை என்றால் இசைவாணையே தேவையில்லை என்கிறார்கள். ஆனால் ஓர் ஆற்றையே நுரைக்க வைக்கும் வல்லமை கொண்ட இடத்தை வெள்ளையில் சேர்ப்பது அமைச்சரை அவமதிப்பதாகிவிடும். நான் போடும் சோப்பு பச்சை நிறம். வகையையும் பச்சையாகவே வைத்துவிட்டால் கோப்பில் குழப்பம் வராது.

அடுத்து அபராதம். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குத் தீர்ப்புச் சொன்னது: ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலைக்கு வாருங்கள், அதுவரை விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் காசு கட்டுங்கள். 2007 ஜனவரியில் லிட்டருக்கு 6 பைசா, பிப்ரவரியில் 8, மார்ச்சில் 10. ஜனவரிக் கணக்குப்படி இருபது லிட்டர் வாளி ஒன்றுக்கு எனக்கு ஒரு ரூபாய் இருபது காசு ஆகிறது. தலைக்குக் குளிக்கும் வெள்ளிக்கிழமையும் எண்ணெய் தேய்க்கும் சனிக்கிழமையும் கொஞ்சம் கூடும். கட்டிவிடுகிறேன். எந்தத் தலைப்பில் செலுத்துவது என்று மட்டும் தெரிவிக்கவும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அமைச்சர் சொன்னது முழுப் பொய் அல்ல. கோவை நகரத்தின் சாக்கடை நொய்யலில் கலக்கிறது; சோப்பும் துணிப்பவுடரும் அதில் உண்டு; தண்ணீர் உயரத்திலிருந்து விழும் இடத்தில் அது நுரைக்கும். ஆனால் சாக்கடையைச் சுத்தம் செய்து ஆற்றில் விட வேண்டியது உள்ளாட்சி. அதற்கு இசைவாணை கொடுத்துக் கண்காணிக்க வேண்டியது தங்கள் வாரியம். இந்த இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே முதுகு தேய்த்துக்கொண்டு நின்ற நான் எப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏறினேன் என்பது மட்டும்தான் விளங்கவில்லை. எனக்கு ஒரு சந்தேகம். நுரை கண்ணுக்குத் தெரிகிறது. தொலைக்காட்சிக்காரர் படம் பிடிக்க வசதியாக இருக்கிறது. எனவே யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஆனால் சாயத்தண்ணீரில் வரும் உப்பு நுரைக்காது. நாறாது. அதற்கு நிறமும் இல்லை. அதனால்தான் அதற்கு விளக்கம் சொல்லும் அவசரம் எந்த அமைச்சருக்கும் வருவதில்லை.

உப்பு என்றதும் குழம்புக்குப் போடுவதை நினைத்துவிட வேண்டாம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற வேண்டுமானால் தொட்டியில் உப்புக் கொட்டியே ஆக வேண்டும். சோடியம் சல்பேட்டோ சாதா உப்போ. தண்ணீரில் சாயமும் நூலும் ஒன்றையொன்று தள்ளும்; உப்புதான் இடையில் புகுந்து சாயத்தை நூலோடு ஒட்ட வைக்கும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறமென்றால் ஒரு கிலோ துணிக்குச் சுமார் அரைக் கிலோ உப்பு. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த உப்பில் ஒரு சிட்டிகைகூட துணியோடு போவதில்லை. தரகர் வேலையை முடித்துவிட்டு, போட்டது போட்டபடி கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நீங்கள் போட்டிருக்கும் கறுப்பு டீ-சர்ட் ஒன்றுக்கு ஒரு கைப்பிடி உப்பு எங்கோ பாக்கி இருக்கிறது. திருப்பூர் ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது. கைப்பிடிகளைத் தாங்களே எண்ணிக்கொள்ளலாம்.

பல ஆண்டுகள் அந்த உப்பு நொய்யலில் போயிற்று. பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். சில வருடங்களிலேயே அது சாயத்தண்ணித் தொட்டியாகிவிட்டது. தண்ணீர் திறக்கச் சொல்லிப் போராடுகிற விவசாயிகளைத் தமிழ்நாடு நிறையப் பார்த்திருக்கிறது. திறக்காதே, தேக்காதே என்று பாசனக்காரர்களே கோர்ட்டுக்குப் போன அணை இது. கிணறு உப்பானது, தென்னை காய்ப்பை விட்டது. இழப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு 2004 வரைக்குமான இழப்பீடாக ஏறத்தாழ 25 கோடி ரூபாய் நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்பதாயிரத்துக்கும் கீழே வருகிறது. ஒரு கிணற்றை மூடி அதன் மேல் சிமெண்டுப் பலகை போடக்கூடப் போதாது.

அணைக்குப் பக்கத்தில்தான் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணி கோத்து ஏற்றுமதி செய்தவர்கள், இரும்பு உருக்கியவர்கள். அவர்கள் கழித்துப் போட்ட கல் சில்லுகளையும் இரும்புக் கசடையும் தொல்லியல் துறை பல்துலக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டி எடுத்துப் பெட்டியில் வைக்கிறது. நம் காலத்து ஏற்றுமதியாளர்களின் கழிவையும் ஒருநாள் அப்படித் தோண்டுவார்கள். எடுப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

சரி, பழைய கதை. 2009இல் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு உத்தரவை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் ஆறு மாறாததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை இழுத்து மூடச் சொன்னது. அப்புறம்தான் வேலை நடந்தது. அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மெல்ல மெல்லப் பூஜ்ஜிய வெளியேற்றத்துக்கு வந்தன. நாட்டில் எந்த ஜவுளி ஊரும் இவ்வளவு பெரிய அளவில் செய்யாத காரியம் இது. கிண்டலுக்கு நடுவிலும் அந்த மரியாதையைப் பட்டறைக்காரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். பசுமை முத்திரை கேட்கும் வெளிநாட்டு வியாபாரி, விலை பேசும்போது மட்டும் சென்ட் சென்ட்டாகக் குறைக்கிறான் என்று அவர்கள் புலம்புவதும் நியாயம்தான்.

இந்தப் பூஜ்ஜியத்தை என் குளியலறையிலும் கொண்டுவரலாமென்று முயற்சியில் இறங்கினேன். குளித்த தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, கிருமிகளை விட்டு அழுக்கைத் தின்ன வைத்து, சவ்வு வழியாக அழுத்தித் தள்ளினால் முக்கால்வாசிக்கு மேல் நல்ல தண்ணீராகத் திரும்பி வந்துவிடும். மிச்சம் நிற்கும் கெட்டித் தண்ணீர்தான் ஆளை விழுங்குவது. அதைக் காய்ச்சிக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். மின்சாரம் வேண்டும், கொதிகலனுக்கு விறகு வேண்டும். விறகு எரிந்தால் புகை. அதற்குள் நான் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்திலிருந்து 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்துக்குக் குடிபெயர்ந்திருப்பேன். எல்லாம் ஆவியான பின் தரையில் ஒரு குவியல் கிடக்கும். அதை ஆற்றில் போடக் கூடாது. மண்ணில் புதைக்கவும் கூடாது. முதல் மழையில் கரைந்து கிணற்றுக்கு வந்துவிடும். விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைப்பேன். கட்டிலடி நிறைந்தால் பூஜையறை. ஆனால் வாசலில் நின்று பார்க்கும் அதிகாரிக்கு என் வீடு சுத்தப் பூஜ்ஜியம்.

திருப்பூர் நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பது இதைத்தான். கலவை உப்பு என்று பெயர். சோடியம் சல்பேட்டைப் பிரித்தெடுத்து மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள், சந்தோஷம். பிரிக்க முடியாமல் சாய எச்சமும் பிற உப்புகளுமாகக் கலந்து நிற்பதற்குத்தான் போக்கிடம் இல்லை. சேற்றுக் கழிவுக்காவது ஒரு வழி பிறந்து சிமெண்டு ஆலைச் சூளைக்குப் போகிறது.

அதே ஊரில் கட்டிங் வேஸ்ட்டைப் பாருங்கள். வெட்டும் மேசையிலிருந்து விழும் துண்டுத் துணி பெரும்பாலும் நொய்யலுக்குப் போவதில்லை. நிறம் வாரியாகப் பிரித்து, எடை போட்டு, பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள். கொஞ்சம் மறுபடி நூலாகிறது. கொஞ்சம், பனியன் வேஸ்ட் என்ற பெயரில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மெக்கானிக் கடையிலும் கிரீஸ் துடைக்கிறது. இதற்கு வாரியம் எந்த ஆணையும் பிறப்பிக்கவில்லை. விழிப்புணர்வு ஊர்வலமும் நடத்தவில்லை. விலை இருந்தது, அவ்வளவுதான். உப்புக்கும் அப்படி ஒரு விலை வரவேண்டுமானால் அது கலப்பதற்கு முன்பே பிரிய வேண்டும். சாயத்தொட்டித் தண்ணீரையும் அலசிய தண்ணீரையும் பட்டறையிலேயே தனித்தனிக் குழாயில் விட்டால், உப்பு மிகுந்த முதல் தண்ணீரைச் சுத்தம் செய்து அப்படியே மறுபடி பயன்படுத்தலாம். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, செய்கிறவர்கள் செய்கிறார்கள். செய்யாதவர்களை யார் கேட்பது என்பதற்குத்தான் விடை இல்லை. இசைவாணையே இல்லாமல் சந்துபொந்துகளில் ஓடும் பட்டறைகள் கதை வேறு. அவர்கள் மழைக்காகக் காத்திருப்பவர்கள். நொய்யலில் வெள்ளம் வந்தால் விவசாயியைவிட அதிகம் மகிழ்வது அவர்கள்தான்.

பட்டறைகளைக் கேட்பது இருக்கட்டும், எங்கள் கையில் தங்கள் துறை 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கொடுத்தது. நானும் வாங்கி வைத்திருக்கிறேன், நல்ல பை. காய்கறிக்காரர் முன் நின்று பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று சொல்லும்போது நாட்டையே காப்பாற்றிவிட்ட பெருமிதம் வருகிறது. குடிமகன் கையில் இருப்பது பை, சோப்பு, வாளி. இவற்றைத் திருத்தச் சொல்வது சுலபம், நாங்களும் திருந்திக்கொள்கிறோம்.

பதிலுக்கு ஒரே ஒரு கோரிக்கை, அதுவும் செலவில்லாதது. உப்பு எரியாது, மட்காது, காற்றில் கரைந்தும் போகாது. ஆகவே அதன் கணக்கை எந்தப் பொறியாளரும் இல்லாமல் எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். பட்டறைகள் வாங்கிய உப்பு எத்தனை டன் என்பது ஜி.எஸ்.டி. ரசீதில் இருக்கிறது. மறுபடி பயன்படுத்தப் பிரித்தெடுத்துக் கையிருப்பில் வைத்திருப்பது எவ்வளவு, கொட்டகையில் மூட்டையாக இருப்பது எவ்வளவு என்பது நிலையத்தின் பேரேட்டில் இருக்க வேண்டும். முதலதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் மீதி, நொய்யலுக்கும் நிலத்தடிக்கும் போனது. ஆற்றில் சோதனைக் கருவி வைத்து, லிட்டருக்கு 2100 மில்லிகிராம் கரைந்த உப்பு என்ற வரம்பைத் தாண்டியதா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட இது சுருக்கமான வழி.

மாதம் ஒரு முறை இந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும் தமிழில் எழுதி வைக்க உத்தரவிடுங்கள். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருக்கும் விவசாயி பஸ் ஏறி வந்து படித்துப் பார்த்துக்கொள்வார். என் சோப்புக் கணக்கு தயாராக இருக்கிறது, மளிகை ரசீதோடு. உப்பு ரசீதுகளைத் தாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்டால் தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் ஆய்வுக்காகக் குளிக்காமல் காத்திருக்கும்
விண்ணப்பதாரர்.