மார்கழி விவசாயி

சென்னையில் குளிர்காலம் என்றால் வெப்பநிலை 21 டிகிரியைத் தொடும் சில விடியற்காலைகள்தான். மொட்டைமாடியில் க்ரோ பேக் வைத்திருப்பவருக்கு அது போதும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் மங்கி குல்லா, மப்ளர், மடித்துக் கட்டிய லுங்கி, கையில் கத்தரிக்கோல் என்று தெருவுக்கு ஒருவராவது மேலே தென்படுவார். பணியில் இருந்தவரை யாரோ ஒரு ஆபீசர். ஓய்வு பெற்ற பிறகு விவசாயி.

உண்மையில் மார்கழி, தை இரண்டு மாதமும் செடிகளுக்கு அவரால் ஆகவேண்டியது அதிகமில்லை. வடகிழக்குப் பருவமழை வேர்வரை நனைத்துவிட்டுப் போயிருக்கிறது. வெயில் சுடாமல் காய்கிறது. காலிஃபிளவர், முள்ளங்கி, அவரை, சாமந்தி எல்லாம் பருவம் பார்த்துத் தாமாக வளர்கின்றன. ஆனால் இந்த இரண்டு மாதம்தான் அவர் மாடியை விட்டு இறங்கமாட்டார். காபி மேலே போகும், பேப்பர் மேலே போகும். "டிபனையும் தொட்டியிலேயே கொட்டிடட்டுமா?" என்று மனைவி படிக்கட்டிலிருந்து கேட்பார். "வேணாம், எறும்பு வரும்" என்று பதில் வரும்.

துணி காயப்போட வருகிறவர்கள் எளிதில் திரும்ப முடியாது. "இந்தக் காலிஃபிளவரைப் பாருங்க சார்" என்பார். பார்த்தால் பூவே தெரியாது. இலைகளைச் சேர்த்து உச்சியில் கட்டியிருப்பார். "வெயில் பட்டா மஞ்சளாயிடும்" என்று விளக்குவார். குல்லாவுக்குள் ஒரு தலையும் இலைக்குள் ஒரு தலையுமாக இரண்டும் அண்ணன் தம்பிபோல நிற்கும்.

எதிர்வீட்டுப் பெண் ஐந்தரை மணிக்கே கோலத்தை முடித்துவிட்டு, "அங்கிள், சாணியில வைக்க ஒரு பரங்கிப் பூ" என்று கீழிருந்து கேட்பாள். உடனே தாவரவியல் வகுப்பு தொடங்கிவிடும். "பெண் பூவுக்கு அடியில பிஞ்சு இருக்கும்மா, அதைத் தரமாட்டேன். ஆண் பூதான்." சரி என்பாள். அதுவும் உடனே கிடைக்காது. ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவில் தம் கையாலேயே தடவியாக வேண்டும். தேனீக்களை அவர் நம்புவதில்லை. எல்லாம் முடிந்து, மிஞ்சிய பூவோடு அவர் இறங்கும்போது மணி எட்டரை. கோலத்தின் மேல் பால்காரர், பள்ளி வேன், குப்பை வண்டி மூன்றும் போயிருக்கும்.

அவரைக்கொடியில் அசுவினி தென்பட்டால் அன்று அவருக்குத் திருவிழா. வாட்ஸ்அப் குழுவில் படம் ஏறும். வேப்பெண்ணெய் என்பார் ஒருவர். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்த கரைசல் என்பார் இன்னொருவர். புளித்த மோர் என்பார் மூன்றாமவர். யார் மனமும் கோணக்கூடாது என்று மூன்றையும் ஒரே நாளில் அடிப்பார். போதாக்குறைக்கு மீன் அமிலத்தையும் அன்றைக்கே திறப்பார். கீழ்வீடுகளில் ஜன்னல்கள் சாத்தப்படும். இரண்டு நாளில் அசுவினி போய்விடும். மருந்துக்குச் செத்ததா, வாடை தாங்காமல் வீடு மாறியதா என்று அவர் விசாரிப்பதில்லை.

பொங்கலுக்கு அறுவடை. முள்ளங்கியைக் கேமராவுக்கு அருகிலும் தம்மைச் சற்றுத் தள்ளியும் நிறுத்திப் படம் எடுப்பார். சாம்பாரில் அது எங்கே என்று பேரன் தேடுவான். "எல்லாம் கைராசி" என்பார் தாத்தா.

பங்குனியில் இலைகள் சுருளும். பச்சைவலை கட்டியும் சித்திரையில் பாதித் தொட்டிகள் வெறும் மண்ணாகும். "வெயில் சார், மனுஷன் என்ன பண்ணமுடியும்?" என்று சொல்லிவிட்டு, மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஊட்டி போவார். 1848இல் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்காவில், ஆயிரக்கணக்கான பூந்தொட்டிகளுக்கு நடுவே கூட்டம் வாய்பிளந்து நிற்கும். அவர் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்:

"இதெல்லாம் குளிர் பண்ற வேலை சார். இதுல தோட்டக்காரனுக்கு என்ன பெருமை?"